படுத்தா ஏன் வலிக்குது?

'ஒழைச்ச ஒடம்பு வலிக்கத்தான் செய்யும்.' 2017-லிருந்து 2019 வரைக்கும் எங்கம்மாவிடம் இதைச் சொன்னவர்களை உட்கார்ந்து கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறேன். அம்மா நடவுக்குப் போகும் ஆண்டை வீட்டு அம்மா சொன்னார். தெருமுனையில் ஊசி போடுகிறவர் சொன்னார். வட்ட ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய டாக்டர் சொன்னார். நூறு நாள் வேலையில் வருகை எடுக்கிற பெண் சொன்னாள், அவள் எங்கள் தெருக்காரிதான். திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்த தம்பி சொன்னான். கடைசியாக நானும் சொன்னேன்.

நான் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு 'உழைக்கும் பெண்ணுடல்'. முக்கால் மணி நேரம் பேசினேன், கைதட்டினார்கள். இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா போன் பண்ணினாள்.

"ராத்திரியெல்லாம் தூங்கல பாப்பா. முதுவுல ஆரம்பிச்சி அப்படியே நெஞ்ச சுத்திக்கினு வருது."

"ஒழைச்ச ஒடம்பும்மா, வலிக்கத்தான் செய்யும். மாத்திரை போட்டுக்கினு படு."

"படுத்தாத்தான் பாப்பா வலிக்குது. எழுந்து ஒக்காந்தா கொறையுது. வேலை செஞ்ச வலின்னா படுத்தா கொறையணுமில்ல?"

பக்கத்தில் தோழர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "வந்து பேசறன்" என்று வைத்துவிட்டேன்.

அம்மா கேட்ட அந்தக் கேள்வி மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. தசை வலி, மூட்டு வலி, தேய்மான வலி எல்லாம் பெரும்பாலும் படுத்தால் அடங்கும். தண்டுவடத்தை அமுக்கிக்கொண்டு ஒரு கட்டி வளர்ந்தால், படுத்தால் அதிகமாகும், ராத்திரியில் எழுப்பிவிடும். இப்படிப்பட்ட வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். எங்கம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பத்து வயசில் களை பறிக்கப் போனவள். நடவு, அறுப்பு, கரும்புக் கட்டு, சித்தாள் வேலை என்று நாற்பத்துச் சொச்சம் வருஷம் எல்லா வலியையும் பார்த்தவள். எந்த வேலைக்கு எந்த இடம் வலிக்கும், எத்தனை நாளில் அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் 'இது அந்த வலி இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் 'இது அந்த வலிதான்' என்றோம். எங்கள் சனங்களின் உடம்பு வலிப்பதற்கென்றே ஆனது என்று ஊர் நினைப்பது புதிதில்லை. அதே நினைப்பு என் வாயிலும் இருந்திருக்கிறது.

வட்ட ஆஸ்பத்திரிக்கு அம்மா மூன்று தடவை போனாள். இரண்டு தடவை நானும் கூடப் போனேன். காலை எட்டு மணிக்கு வரிசை. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். "என்னம்மா பண்ணுது?" "முதுவு வலி சாமி. வயித்த சுத்திக் கயிறு கட்டி இழுக்கறாப்புல இருக்கு." பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. முதுகு வலிக்கு ஒரு மாத்திரை, வயிறு என்று சொன்னதால் கேஸ் மாத்திரை ஒன்று, சத்து மாத்திரை ஒன்று, பக்கத்து அறையில் வலி ஊசி. அம்மாவை அவர் தொடவில்லை. அவருடைய சாதி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. ஒரு காலை நேரத்தில் முந்நூறு பேரைப் பார்க்கிற மனுசன் எத்தனை பேரைத் தொடுவார் என்றும் யோசித்திருக்கிறேன். ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். வரிசையில் நிற்கவில்லை, நேராக உள்ளே போனார். நாற்காலியில் உட்கார வைத்து முதுகில் கையை வைத்து அமுக்கி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டார்கள். நேரமில்லாதவர்களுக்கும் நேரம் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

கயிறு கட்டி இழுப்பதுபோல என்று அம்மா சொன்னதும் புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். நெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற முதுகெலும்புக்குள்ளே ஒரு நரம்பு அமுங்கினால், அந்த நரம்பு போகிற வழியெல்லாம் பட்டை போட்டு இறுக்குவதுபோல உடம்பைச் சுற்றி வலிக்கும். வயிற்றில் ஒரு கோளாறும் இருக்காது. ஆறு மாசம் கேஸ் மாத்திரை தின்றாள்.

2018 ஐப்பசியில் கடன் வாங்கி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், ஆறாயிரம் ரூபாய். எடுத்தது இடுப்புப் பகுதி மட்டும். கீழ் முதுகில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் என்று முடிவு வந்தது. ஐம்பது வயசு தாண்டியவர்களில் யாருக்கு இடுப்பை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். சுமை தூக்கினவள் என்றால் கேட்கவே வேண்டாம். பெல்ட் கொடுத்தார்கள், குனியாதே என்றார்கள். நாற்று நடுகிறவளிடம் குனியாதே என்று சொல்லி அனுப்பினார்கள்! ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்று எங்களுக்கும் நிம்மதி. இந்த நிம்மதிதான் மேலும் நாலு மாசத்தைத் தின்றது. கட்டி இருந்தது ஒரு சாண் மேலே. படம் எடுத்த சட்டத்துக்குள் அது வரவே இல்லை.

அதற்குள் கால் போக ஆரம்பித்திருந்தது. அம்மா அதையும் சொன்னாள், அவளுடைய பாஷையில் சொன்னாள். "சேத்துல எறங்கினா சேறு தெரியல பாப்பா. பஞ்சு மேல நிக்கறாப்புல கீது." "அட்டை கடிச்சிட்டுப் போயிருக்கு, ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சிக்கினன்." "வெளிச்சத்துல வரப்பு மேல நடந்துடறன். இருட்டிட்டா தள்ளாடுது." கால் விரலை ஊன்றி உட்கார்ந்தால் கால் தானாகத் தடதடவென்று உதறும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி ஆத்தா வந்திருக்கிறாள் என்றாள். மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டிப்போனார்கள். நான் தடுக்கவில்லை. என்னிடம் வேறு பதில் இருந்தால்தானே தடுக்க.

2019 மாசி மாசம் வரப்பிலிருந்து விழுந்தாள். தூக்கி நிறுத்தினால் கால் கட்டைபோல விறைத்து நிற்கிறது, மடங்கவில்லை. ரெண்டு நாள் கழித்து இன்னொன்றை என்னிடம் மட்டும் சொன்னாள். தம்பிக்குச் சொல்லாதே என்றாள். ஒன்னுக்கு வருகிற உணர்ச்சி இருக்கிறது, உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது, ரொம்ப நேரம் முக்க வேண்டியிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு ரெண்டு வாரமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். தண்டுவடம் அமுங்குவதற்கு இதைவிடப் பெரிய அபாய மணி கிடையாது என்று பிறகு சொன்னார்கள். படிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் யாருக்காவது முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தால், மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தால் மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். வெட்கத்தைப் பார்த்தால் கால் போய்விடும்.

பெரிய நகரத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராத்திரி பதினோரு மணி. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு நூறு ரூபாய் கேட்டதையெல்லாம் எழுதினால் இந்தக் கட்டுரை அதற்கே சரியாகிவிடும். விடியற்காலையில் ஒரு டாக்டரம்மா வந்தார். மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், என்னைவிடச் சின்னவர். அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். அதைப் பார்த்து அம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். "படுங்கம்மா, உங்களப் பாக்கத்தான் வந்திருக்கேன்" என்று தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் இதைக் கேட்டார்:

"நடக்கும்போது செருப்பு உங்களுக்குத் தெரியாமலே கழண்டு போகுதாம்மா?"

அம்மா சிரித்துவிட்டாள். "செருப்புப் போட்டாத்தானம்மா கழலும்?"

நம் பக்கத்து டாக்டர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. செருப்பு கழலுவது தெரிந்தே கழன்றால் காலில் பலம் இல்லை, தெரியாமல் கழன்றால் காலில் உணர்ச்சி இல்லை. நல்ல கேள்விதான். ஆனால் எங்கம்மா செருப்பில்லாமல் வளர்ந்தவள். அவள் சின்ன வயசில் ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழனிக்கும் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, எதற்கு இந்த அவமானம் என்று செருப்பையே விட்டுவிட்டவர்கள் அவள் வயசுப் பெண்கள். இப்போது எங்கள் ஊரில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. மற்ற ஊர்களில் இது ஏதோ பழங்கதை ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் நம் மக்கள் சுமார் 60 பேர் ஒரு தெருவில் முதன்முதலாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்தான்.

அந்த டாக்டரம்மா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு அம்மாவின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெடித்துப்போய்த் தோல்போல் தடித்த பாதம். "வேற எப்படித் தெரிஞ்சிக்குவீங்க, கால்ல உணர்ச்சி கொறைஞ்சது?" என்று கேட்டார். அம்மா சேற்றைச் சொன்னாள், அட்டையைச் சொன்னாள், இருட்டில் வரப்பைச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டோ இருட்டிலோ தள்ளாடுகிறதா என்பதும் அவர்கள் கேட்கிற கேள்விதானாம், வழக்கமாக 'முகம் கழுவும்போது தடுமாறுதா' என்று கேட்பார்களாம். எங்கம்மா எல்லாப் பதிலையும் ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கேள்வி வேறு காலுக்காகத் தயாரானது, அவ்வளவுதான்.

அப்புறம் சாவியின் முனையால் உள்ளங்காலில் குதியிலிருந்து மேலே கீறினார். தோல் தடிப்பில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில் இன்னும் அழுத்திக் கீறினார். கட்டை விரல் மெல்ல மேலே தூக்கிக்கொண்டது. பெரியவர்களுக்கு விரல் கீழ்ப்பக்கம் மடங்க வேண்டும், மேலே போனால் மூளைக்கும் காலுக்கும் நடுவே எங்கோ தண்டுவடத்தில் தடை இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் எகிறியது. "இடுப்புத் தட்டு பிதுங்கி நரம்பு அமுங்கினா கால் தொளதொளன்னு ஆகும், இப்படி எகிறாது. தண்டுவடமே அங்க கீழ் முதுகோட ஆரம்பத்துலயே முடிஞ்சுடுது. இது மேல இருக்கற சங்கதி" என்றார். பிறகு ஒரு குண்டூசியை எடுத்துக் காலிலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார். "குத்துதா?" "இல்ல." "இங்க?" "இல்ல." தொப்புளைத் தாண்டி மார்புக்கு நாலு விரற்கடை கீழே வந்ததும் அம்மா "ஸ்" என்றாள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே ஊசி குத்துகிறது, கீழே குத்தவில்லை.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை நெஞ்சுப் பகுதி முதுகு. மருந்து ஏற்றிப் படம் எடுத்தபோது ஏழாவது எட்டாவது நெஞ்சு எலும்புகளுக்கு நேரே புளியங்கொட்டை அளவில் வெள்ளையாகத் தெரிந்தது. சுண்டுவிரல் தடிமன் இருக்கவேண்டிய தண்டுவடம் ஒரு ஓரமாக ஒதுங்கி நாடாபோல நசுங்கியிருந்தது. குண்டூசி காட்டிய இடத்தில்தான் இருந்தது.

வார்டில் ராத்திரி டூட்டியில் இருக்கும்போது அந்த டாக்டரம்மா எனக்கு ஒரு கதை சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். லண்டனில் கில்பி என்று ஒரு ராணுவக் கேப்டன். முதுகு வலி. பல டாக்டர்களிடம் அலைந்து மூன்று வருஷம் போய்விட்டது, காலும் போய்விட்டது. கடைசியில் வில்லியம் கவர்ஸ் என்ற டாக்டர் இது தண்டுவடத்தை அமுக்கும் கட்டி, இன்ன உயரத்தில் இருக்கிறது என்று சொன்னார். விக்டர் ஹார்ஸ்லி 1887 ஜூன் மாசம் முதுகைத் திறந்தார். முதலில் கட்டி கண்ணில் படவில்லை, இன்னும் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தபோது இருந்தது. எடுத்தார். கேப்டன் மறுபடி நடந்தார். தண்டுவடக் கட்டி ஒன்றைக் கண்டுபிடித்து வெற்றிகரமாக எடுத்த கதைகளில் முதலாவதாக இதைத்தான் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயே 1895-ல்தான் வந்தது. அப்போது அவர்கள் கையில் இருந்தது நோயாளியின் பேச்சு, ஒரு ஊசி, தொட்டுப் பார்க்கிற விரல். அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்டு எனக்கு ஒரு சங்கடமும் வந்தது. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரையே ஆண்ட சாம்ராஜ்யத்தின் கேப்டனுக்கே மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. எங்கம்மாவுக்கு ஒன்றரை வருஷம். அப்படியென்றால் சாதி எங்கே வந்தது, நோயின் குணமே அப்படித்தானே என்று யாராவது கேட்டால்? நோயின் குணம் அப்படித்தான். மெல்ல வளரும், வேறு வலிபோல வேஷம் போடும், பெரிய டாக்டர்களும் ஏமாறுவார்கள். ஆனால் அது 1887. இங்கே வேலூரில் 1949-லேயே ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிவிட்டார். மறுவருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடலாம். எழுபது வருஷமாக அந்த வைத்தியம் அங்கேயே இருக்கிறது. எங்கம்மா அங்கே போய்ச் சேராததற்குக் காரணம் தூரம் இல்லை. 'ஒழைச்ச ஒடம்பு' என்ற ஒரு வார்த்தை அவளை ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பியது. கேப்டனைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"புத்து நோயா?" என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா குளுக்கோஸ் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். குழாய் என்பது தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறை. கட்டி மூன்று இடத்தில் வரலாம். குழாய்க்கு வெளியே வந்தால் பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ இருக்கிற புற்று எலும்புக்குப் பரவி அமுக்குவது. குழாய்க்கு உள்ளே, ஆனால் வடத்துக்கு வெளியே வந்தால் அநேகமாகச் சாதுவான கட்டி, வழித்து எடுத்துவிடலாம். வடத்துக்கு உள்ளேயே முளைத்தால் எடுப்பது கஷ்டம். "உங்களுக்கு நடுவுல சொன்னது. உறையிலிருந்தே வளர்றது. உங்க வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும், நெஞ்சுக்கு நேராத்தான் அதிகமா வரும். எடுத்தா போயிடும். எடுக்கற வரைக்கும் எவ்வளவு நசுங்குச்சோ அதுதான் கணக்கு."

மற்ற ரெண்டு இடத்துக்கும் ஆள் அதே மாடியில் இருந்தார்கள். எதிர்க் கட்டிலில் மார்புப் புற்று முதுகுக்குப் பரவிய ஒரு அக்கா, அவருக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் வடத்துக்குள்ளேயே கட்டி வந்த ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன். நுண்ணோக்கி வைத்துப் பத்து மணி நேரம் எடுத்தும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டியதாயிற்று. கட்டி என்று பயந்து வந்த செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருக்கு முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரையிலேயே சரியாகக்கூடியது என்றதும் அவர் மனைவி வார்டு முழுக்க வாழைப்பழம் கொடுத்தார்.

காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆப்பரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2009-ல் தொடங்கி 2012-ல் முதலமைச்சர் பெயரில் விரிவாக்கிய திட்டம் அது. ரத்தத்துக்கு எங்கள் தெருப் பையன்கள் எட்டுப் பேர் பஸ் ஏறி வந்தார்கள். எங்கள் ரத்தம் யார் யாருக்கோ போகும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

ஆப்பரேஷன் அஞ்சு மணி நேரம். குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே வைத்து எலும்பை எண்ணி, எண்ணியதை மறுபடி எண்ணி, முதுகெலும்பின் பின்பக்கத்துக் கூரையை எடுத்து, உறையை நீளவாக்கில் பிரித்து, கட்டியை உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து சின்னதாக்கி, பிறகு வடத்திலிருந்து உரித்து எடுத்திருக்கிறார்கள். வடத்தை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. உறையைத் தண்ணீர் கசியாமல் தைக்க வேண்டும், கசிந்தால் சீழ் பிடிக்கும். எல்லாம் முடிந்து பெரிய டாக்டர் வெளியே வந்து "முழுசா வந்துடுச்சு" என்றார். பரிசோதனைக்கு அனுப்பியதில் சாதுவான கட்டி என்றே வந்தது.

அதற்குப் பிறகுதான் வேலை. திருக்குறளில் 'மருந்து' என்ற 95-ஆவது அதிகாரத்தைப் பரீட்சைக்காக உரைகளோடு படித்தவள் நான். நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்ப்பவர் என்று வைத்தியத்தை நாலாகச் சொல்கிறது அது. பத்து மார்க் கேள்விக்கு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த நாலாவது ஆளாக ஒன்றரை வருஷம் நான் இல்லவே இல்லை. இப்போது இருந்தேன். ரெண்டு மணிக்கு ஒருதரம் அம்மாவை மரக்கட்டையை உருட்டுவதுபோல முதுகு திருகாமல் மூன்று பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் புண் வருவது தெரியாது. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். விறைத்த காலை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். நாலாம் நாள் அம்மா, "பாப்பா, கட்டை வெரல் ஆடுது பாரு" என்றாள். நானும் பார்த்தேன். ஆடியது.

வார்டு கூட்டுகிற அக்காக்கள் எல்லோரும் நம் ஆட்கள். ஒப்பந்தக் கூலி. பெட்பான் எடுப்பது, வாந்தி துடைப்பது எல்லாம் அவர்கள்தான். ஒருத்தர் "எந்த ஊரு?" என்று கேட்டு, ஊரைச் சொன்னதும் "காலனியா?" என்று மெதுவாகக் கேட்டு, அதிலிருந்து எங்களுக்கு வெந்நீர் தனியாக வந்தது. ஒருநாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதுவு ஒடியுதும்மா" என்றார்.

நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பழைய வார்த்தை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "படுத்தா கொறையுதாக்கா?" என்று கேட்டேன்.

"கொறையுது. படுக்கத்தான் நேரமில்ல."

"கால் மரத்துப்போகுதா? ஒன்னுக்கு ஒழுங்கா போகுதா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாம் ஒழுங்காத்தான் போகுது, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு வாரம் கழித்து வாக்கர் பிடித்து அம்மா நின்றாள். நாலு மாசத்தில் வீட்டுக்குள் நடந்தாள். சிறுநீர் ஓரளவு சரியானது, முழுசாக இல்லை. இடது பாதத்தில் உணர்ச்சி இன்னும் அரைகுறைதான். நடவுக்கு இனி போக முடியாது. அவளுக்கு அது பெரிய துக்கம். நடவுப் பாட்டுக்காரி அவள். 2024-ல் எடுத்த ஸ்கேனிலும் கட்டி திரும்ப வரவில்லை. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று பெரிய டாக்டர் ஒருதரம் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர், இனி வெறும் காலோடு நடக்கவே கூடாது என்றார். முள் குத்தினாலும் நெருப்புச் சுட்டாலும் தெரியாது. மெத்தென்ற அடி வைத்து, நழுவாமல் இருக்கப் பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒன்றைக் கொடுத்தார். ஐம்பத்தாறு வயசில் அம்மா வீட்டிலும் வெளியிலும் செருப்புப் போட ஆரம்பித்தாள்.

2020 ஜனவரியில் ரேஷன் கடைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினாள். பொங்கல் சாமான் போடுகிறார்கள் என்று சாக்கு. கடை ஊர்த்தெருவில் இருக்கிறது. வாக்கரை ஊன்றி ஊன்றிக் காலனியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊர்த்தெரு திரும்புகிற வேப்பமரத்தடியில் நின்றாள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். வலது கால் இடது குதியைத் தேடியது. செருப்பின் பின்வாரைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. வார் இறுக்கி மாட்டியிருந்தது, குனிந்துதான் அவிழ்க்க வேண்டும். குனிய முடியாது. என் முகத்தைப் பார்த்தாள். நான் அசையவில்லை. திண்ணையில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வார் வச்சிட்டான் பாரு" என்று முனகிக்கொண்டே வாக்கரை எடுத்து முன்னால் வைத்தாள். தெரு நீளத்துக்கும் அந்தக் கட்டைச் சத்தம் கேட்டது. கடையில் கரும்பு தீர்ந்து போயிருந்தது. மறுநாள் வரச் சொன்னார்கள்.